இறால் குட்டையில் ஒரு டால்பின்

கடற்கரைப் பூங்கா ஒன்றில் டால்பின்களுக்கு வித்தை பழக்கிக்கொண்டிருந்தவன் நான். நான் பழக்கிய பெண் டால்பின் தொட்டியிலேயே செத்ததும் வேலையை உதறிவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் சேர்ந்தேன். ஆரம்பாக்கத்தில் வாடகை வீடு. விடுமுறை நாளில் பள்ளிக்கூடம், மீனவர் குப்பம் என்று போய், டால்பினை அடைத்து வைக்காதீர்கள் என்று பேசுவேன். "இங்க யாருய்யா அடைக்கிறாங்க?" என்று ஆலையில் ஓயாத கிண்டல். நியாயமான கேள்விதான். ஆனாலும் எரிச்சலாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு பக்கத்துக் குப்பத்திலிருந்து ஆள் வந்தது. வலையில் சிக்கிய டால்பின் குட்டியைக் காலியாகக் கிடந்த இறால் குட்டையில் விட்டிருக்கிறார்களாம். ஓடினேன். பிடித்தவரின் மனைவி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மடவை மீனை முள் எடுத்து அதன் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தார். டால்பினுக்கு முள் எடுத்து ஊட்டுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

"வந்ததுலேர்ந்து ஒண்ணும் துன்னல தம்பி. செத்துப் பூடும் போலக்கீது. நீ பழக்குனவனாமே, எப்டியாச்சும் துன்ன வையி."

உயிர்மீனைத் துரத்திப் பிடிக்கிற ஜீவனுக்குச் செத்த மீன் சாப்பாடு என்றே தெரியாது. அதைத் தின்னவைப்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். எனக்குக் கைவந்த கலை. தின்றால் பிழைக்கும். பிழைத்தால் இந்தக் குட்டையிலேயே கிடக்கும்.

"துன்ன வைக்கலாம்க்கா. இன்னும் பட்டினி போட்டா வழிக்கு வரும். அப்பறம் அந்தப் பசிய வச்சே குதிக்க வைக்கலாம்."

"பசியிலயா குதிக்குது? பாசத்துல இல்லியா?"

"நானும் பாசம்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

அக்கா கையிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கரையில் நின்ற கணவரிடம், "படக எடு. கடல்ல உட்டுட்டு வந்துரலாம்" என்றார்.

"நீதான வளக்கணும்னு ஆசப்பட்ட?"

"பட்டினி போட்டு இன்னா வளக்கிறது."

ஈரச் சாக்கின்மேல் அதைக் கிடத்தி, படகில் முகத்துவாரம் தாண்டிப் போனோம். வழியெல்லாம் அக்கா அதன் முதுகில் தண்ணீர் வார்த்துக்கொண்டே வந்தார். மூச்சுத் துளையில் போகாமல் நான் கையால் தடுத்துக்கொண்டேன்.

கடலில் இறக்கியதும் ஒருமுறை புரண்டது. அப்புறம் வெகு தூரத்தில் முதுகு மட்டும் தெரிந்தது.

"திரும்பிக்கூட பாக்கல பாரு" என்று அக்கா அழுதார். எனக்கும் அழுகை வந்தது. நான் பழக்கிய டால்பின் எதுவும் மீனுக்காக என் கையைப் பார்க்காமல் நகர்ந்ததில்லை. இது பார்க்கவேயில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.