திராட்சைக்கு உரமான வஞ்சரக் குஞ்சு

தேனிப் பக்கம் கோம்பைச் சின்னக்கருப்பு கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, திருச்செந்தூரில். ஆனால் அவருடைய ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை மூணு வருஷமாக மீனைத் தின்றுதான் காய்க்கிறது.

மூணு வருஷத்துக்கு முன்னால் பூச்சிமருந்து நெடியேறி அவர் மனைவி கஸ்தூரியம்மாள் பந்தலுக்கடியில் சுருண்டு விழுந்தாள். நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்தால் இன்றைக்கும் மூச்சு இழுக்கிறது. அன்றைக்கே மருந்தை விட்டவர், செடிக்கு ஊட்டமும் பூச்சிவிரட்டியுமான மீன் அமிலத்துக்கு மாறினார். மீன் கழிவும் வெல்லமும் சரிக்குச் சரி டிரம்மில் போட்டு மூடி, இருபது நாள் ஊறவிட்டுத் தெளிக்க வேண்டும். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கம் ஏசியது. "ஏசட்டும், எம் பொண்டாட்டி மூச்சு விடுறால்ல!" என்பார்.

முதலில் கம்பத்து மீன்கடையிலிருந்து தலையும் குடலும்தான் வந்தது. போகப்போக முழு மீனாகவே வந்தது, விரல் நீளத்தில். கழிவு என்று சொல்லி அனுப்பினார்கள், இவரும் கழிவென்றே நம்பினார். மலையடிவாரத்து மனுசனுக்கு என்னத்தைத் தெரியும்?

போன மாசம் அந்தக் கடைக்கு நேரிலேயே போனார். கடைக்காரர் ஜெபமணி தூத்துக்குடிப் பக்கத்து ஆள்.

"இது என்ன மீனு தம்பி?"

"வஞ்சரக் குஞ்சு அண்ணாச்சி. இழுவை மடி வலையில சின்னக் கண்ணி போட்டுத் தரையோட வாரிட்டு வாராவ. ஒரு தடவகூட முட்டை போடாத குஞ்சு. இப்படி அள்ளுனா அடுத்த வருசத்துக்கு மீனுக்கு எங்க போவ? கடல் காலியாயிட்டு வருது."

சின்னக்கருப்பு கூடையைத் தள்ளிவிட்டார். "அடப்பாவிகளா! எனக்கு வேணாம்."

"நீங்க வேண்டாம்னா அள்ளிட்டுப் போவ கோழித் தீவன ஆலை லாரி நிக்கி. தலையையும் குடலையும்கூட இப்ப அவங்களே அள்ளிக்கிடுதாங்க."

வீம்பாக வெறுங்கையோடு திரும்பினார். உத்தமபாளையம், தேனி என்று அலைந்து பார்த்தும் எல்லாக் கடையிலும் அதே குஞ்சுதான். அதற்குள் இலை மஞ்சளித்துப் பூச்சி ஏறிவிட்டது. "ஒரே அடி மருந்து அடிங்க மாமா, சரியாப் போகும்" என்றான் பக்கத்துத் தோட்டத்து முத்துராஜா. பந்தலுக்கடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாளைப் பார்த்தார். மறுநாளே ஜெபமணியிடம் போய் நின்றார். வெட்கமாக இருந்தது.

வாங்கி வந்த கூடையைத் திறந்ததும் கஸ்தூரியம்மாள் ஒரு குஞ்சை உள்ளங்கையில் எடுத்தாள்.

"ஏங்க, இது வளந்தா எம்புட்டுப் பெருசு வரும்?"

அவர் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். அதே கையால் வெல்லத்தை அள்ளி மீன்மேல் போட்டு, டிரம்மை மூடினார்.