இழுத்துப்பார் போட்ட பூட்டு

எங்கள் தெருவில் என் மாமனாருக்கு 'இழுத்துப்பார்' என்று பெயர். வீட்டைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். ஆயுள் முழுக்கப் பூட்டு ரிப்பேர் செய்தவர். பூட்டை உடைத்தவர்களையும், சாவி தொலைந்துவிட்டதாகப் பொய் சொன்னவர்களையுமே பார்த்துப் பழகியதால் மனிதர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. நான் மருமகளாக வந்த முதல் வாரம் சர்க்கரை டப்பா இடம் மாறியிருந்தது. "யாரு எடுத்தது?" என்று என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார். எடுத்தது அவர் மகன்தான். அது தெரிந்த பிறகும் கொஞ்ச காலம் என்மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. மேல்புறம் ஒரு மழைநீர்க் குளம். மேட்டுத் தெருக்களின் மழைத் தண்ணீரெல்லாம் அதில் சேர்ந்து, மதகு வழியாக எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் இறங்கும். சில வருடங்களுக்கு முன் கொட்டுகிற மழையில் யாரோ மதகை முழுசாகத் திறந்துவிட்டார்கள். கால்வாய் பொங்கி என் முன்னறையில் இடுப்பளவு தண்ணீர். நான் துணி தைத்துப் பிழைப்பவள். என் தையல் மெஷின்கள் மூன்றும் சேற்றில் போயின. மதகைத் திறந்தது யார் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து மாமாவின் சந்தேகத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. வம்பே அதுதான்.

போன வருடம் மதகுக்கு மோட்டார் பொருத்தினார்கள். தண்ணீர் மட்டத்தை அளக்க ஒரு சென்சார், பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு பெட்டி. மழை வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பெட்டியே மதகைத் திறக்கும், மூடும் என்றார்கள். மேட்டுத் தெருக்களில் சாலையோரம் பள்ளம் வெட்டிச் செடி நட்டார்கள். தெருத் தண்ணீர் அதற்குள் இறங்கி மண்ணில் ஊறட்டும் என்று ஓரக்கல்லை ஆங்காங்கே எடுத்து வழி விட்டிருந்தார்கள். மாமா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பாதி கல்லக் காணோம். வேலைய அரைகுறையா விட்டுட்டு, மறைக்கிறதுக்குச் செடி வெச்சிருக்கான்."

பிறகு ஒருநாள், வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் மதகு தானாகத் திறந்துகொண்டது. மாமாவுக்கு வேறென்ன வேண்டும்? மடக்கு நாற்காலியைக் குளக்கரையில் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருக்க ஆரம்பித்தார்.

"தானாத் திறக்கிற கதவுன்னு ஒண்ணு கிடையாதும்மா. பின்னாடி ஒருத்தன் இருப்பான்" என்றார். மேட்டுத் தெருக்காரர்கள் சொல்லித்தான் தண்ணீரை எங்கள் பக்கம் தள்ளுகிறார்கள் என்பது அவருடைய முடிவு. வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

திடீரென்று ஒருநாள் பேச்சை நிறுத்தினார். நாற்காலி வீட்டுக்கு வந்துவிட்டது. முகத்தில் ஒரு நிம்மதி. எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்த வீட்டில் இருந்தால் யாருக்கும் தட்டும்.

இரண்டொரு நாளில், குளத்தைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினீயர் பெண் தெருவில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தாள். மதகை யாரோ சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்களாம். மோட்டார் இழுத்துப் பார்த்து நின்றுவிட்டதாம். போனில் படம் காட்டினாள். சாவித் துவாரத்துக்கு மேல் பித்தளை மூடி வைத்த பூட்டு. மாமா தன் கையால் செய்தது.

"சாயந்திரம் பெரிய மழை இருக்கும்மா. குளம் ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருக்கு. இப்பவே கொஞ்சம் கொஞ்சமா இறக்கினாத்தான் வர்ற தண்ணிக்கு இடம் இருக்கும். இல்லேன்னா கரை தாண்டி மொத்தமா உங்க தெருவுலதான் விழும். கட்டர் எடுத்துட்டு ஆள் வந்துட்டிருக்கு, எப்ப வருவாங்கன்னு தெரியல."

உள்ளே போனேன். மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலைகீழாக.

"சாவி எங்க மாமா?"

"எந்தச் சாவி?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்தத் தடவையும் மெஷின் போச்சுன்னா நான் எந்திரிக்கவே மாட்டேன், தெரியுமா?"

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். "அதுக்காகத்தாம்மா பூட்டினேன். அன்னிக்கு நீ சேத்துல உக்காந்து அழுததப் பாத்தவன் நான்."

இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என் கோபம் அப்படியே நின்றுவிட்டது. அழுகைதான் வந்தது. "எனக்காகத்தானே பூட்டினீங்க? எனக்காகவே திறந்துவிடுங்க, மாமா."

கண்ணாடிக் கூட்டிலிருந்து சாவியை எடுத்தார். குளக்கரையில் பித்தளை மூடியைத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பினார். பூட்டு கழன்றதும் மோட்டார் லேசாக முனகியது. மதகு ஒரு சாண் மேலேறி நின்றது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"எங்க மழை?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். பூட்டு இன்னும் கையில்தான் இருந்தது, எந்த நிமிடமும் திரும்பப் போட்டுவிடுகிறவர் போல. பிறகு கால்வாய்க்குப் போய்ச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். "இதத் தாண்டுச்சுன்னா நான் கேக்க மாட்டேன். மறுபடி பூட்டிடுவேன்."

சாயந்திரம் மழை அடித்து ஊற்றியது. நான் மெஷின்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் குடையும் டார்ச்சுமாகப் பின்வாசலில் நின்று, "கோட்டுக்குக் கீழதான் இருக்கு... இன்னும் கீழதான்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கோட்டைத் தொட்டது. அதோடு நின்றுவிட்டது. என் வாசற்படி நனைந்தது தூறலில் மட்டும்தான்.

"தற்செயலாக்கூட இருக்கலாம்" என்றார், தலையைத் துவட்டியபடி.

அடுத்த வாரம், நல்ல வெயிலில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குளத்துப் பக்கம் மோட்டார் முனகும் சத்தம் கேட்டது. மாமா விறுவிறுவென்று வந்து துணிகளை உருவ ஆரம்பித்தார்.

"ஈரமா இருக்கு மாமா. இப்பத்தான் போட்டேன்."

"தெரியும்."

"அப்ப அந்தப் பெட்டிய நம்பிட்டீங்க."

"பெட்டிய யாரு நம்புனா?" வெளுத்துக் கிடந்த வானத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இவனத்தான் நம்பல."

சொட்டச் சொட்ட ஒரு சட்டையை என் கையில் திணித்தார். உள்ளே போய், தரையில் கிடந்த என் மெஷின் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.