லோகு கை அளவு

கண்ணாடி கிளாஸை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் லோகநாதன். அடியில் ஒரு விரல்ரேகை தெரிகிறது. வாயருகே கொண்டுபோய் ஊதி, தோளில் கிடக்கும் துண்டால் துடைத்து, மறுபடியும் பார்க்கிறார். திருப்தியானதும் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே இந்த வேலை தொடங்கிவிடும். "துன்ன தட்டை கயுவாத மனுசன், கிளாஸுக்குப் பாலீஷ் போட்டுகினு கீறாரு" என்று கீழே மனைவி ராஜாத்தி சொல்வது மாடிவரை கேட்கிறது. காதில் விழாத மாதிரி அடுத்த கிளாஸை ஊதுகிறார்.

திருவொற்றியூரில், டோல்கேட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறைதான் லோகநாதனின் பார். இந்த பாரின் முதலாளி ஒரு சொட்டு குடிக்கமாட்டார். கொள்கை கிள்கை என்று ஒன்றும் கிடையாது. உடம்புக்கு ஆகாது, அவ்வளவுதான். வாலிப வயசில் ஒரு கல்யாண வீட்டில் ஒரு மூடி குடித்துப் பார்த்தார். உடம்பெல்லாம் தடித்தடியாக வீங்கி, மாப்பிள்ளையைப் பார்க்க வந்த கூட்டம் இவரைப் பார்க்கத் திரும்பிவிட்டது. "சரக்குக்கும் நமக்கும் ஜாதகம் சேர்ல நைனா" என்று அன்றோடு விட்டார். சரக்கைத்தான் விட்டார், தெருமுனை மதுக்கடை பாரில் கூடுகிற சபையை விடவில்லை. குடிக்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்து கடலை, முட்டை, போட்டி வறுவல், மாங்காய்ப் பத்தை என்று வருவதையெல்லாம் காலி செய்து, அவர்கள் சொல்லும் கதைக்கெல்லாம் கண்ணில் நீர் வரச் சிரித்து, கடைசியில் ஒவ்வொருவரையும் கைத்தாங்கலாக அனுப்பி வைப்பதில் அவருக்கு ஒரு சுகம். வாரம் முழுக்க கன்டெய்னர் யார்டில் கிரேன் கூண்டுக்குள் ஒண்டியாக உட்கார்ந்திருக்கிறவர் வேறு என்னதான் செய்வார்?

அவர் அந்தச் சபைக்குச் சும்மா போய் உட்கார்ந்தவரும் அல்ல. ஊற்றுகிற வேலை அவருடையது. ஒரு பாட்டிலை நாலு பேர் பங்கு போட்டால் எங்கேயும் சண்டைதான். ஊற்றுகிறவன் தனக்கு ஒரு விரல் கூட ஊற்றிக்கொண்டான் என்று இன்னொருவனுக்கு எப்போதும் சந்தேகம். குடிக்காத லோகநாதன் கையில் பாட்டிலைக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கன்டெய்னர் மேல் கன்டெய்னரைச் சத்தமில்லாமல் உட்கார வைக்கிற கை. பேப்பர் கப்பை வரிசையாக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஓட்டமாக ஊற்றிக்கொண்டு போவார். பக்கத்து மேஜையில் ஒரு குவார்ட்டரைப் பாதி பாதியாகப் பிரிக்க வந்த முன்பின் தெரியாதவர்கள்கூட, "அண்ணே, ரவ நீங்களே ஊத்திக் குடுத்துடுங்கண்ணே" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். லோகு கை அளவு என்றால் அந்த பாரில் மறுபேச்சு கிடையாது.

அவருடைய சபை மூன்றே பேர். அடுத்த தெருவில் இருக்கும் டில்லிபாபு, டிரெய்லர் லாரி டிரைவர். எதிர்வீட்டு ஞானம், வெல்டர். இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம். மூன்றாவது ஆள் சுப்புராயன். எர்ணாவூர் தாண்டி ஒரு குப்பத்தில் இருந்து, ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். பைக்கில் வருவார். குள்ளமான, கட்டுமஸ்தான ஆள். குரல் மட்டும் இரண்டு ஆளுக்குச் சமம். தனக்குப் போதையே ஏறாது என்பது அவருடைய தீராத பெருமை. "கடல்ல நின்ன காலு மாமு, எத்தினி அட்ச்சாலும் ஆடாது. இவனுங்களப் பாரு, ரெண்டு ரவுண்டுல மட்டையாயிட்டானுங்க" என்று டில்லிபாபுவையும் ஞானத்தையும் ஒவ்வொரு வாரமும் கிண்டல் செய்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். இரண்டு பேரும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், தெருப் பெண்கள் திரண்டு போராடி அந்த மதுக்கடையை மூட வைத்துவிட்டார்கள். கடையோடு பாரும் போயிற்று. போராட்டத்தின் முன்வரிசையில் துடைப்பத்தோடு நின்றவர் ராஜாத்தி. வெற்றி என்று தெருவில் இனிப்பு கொடுத்தபோது லோகநாதனும் ஒரு லட்டு வாங்கி, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தின்றார். சபை கலைந்தது. டில்லிபாபு லாரியிலேயே முடித்துக்கொண்டார். ஞானம் வீட்டில் டிவி பார்த்தார். சுப்புராயன் அந்தப் பக்கமே வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் லோகநாதன் கூண்டில் அடைத்த கோழி மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தார். நண்பர்கள் இல்லாமல் அவருக்கு சோறு இறங்கவில்லை. அதை வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது.

கடைசியில் ராஜாத்தியிடமே வந்து நின்றார். மாடி அறையில் ஒரு பார் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். துடைப்பம் பறக்கும் என்று எதிர்பார்த்து ஓரடி தள்ளியே நின்றார்.

"ரோட்ல பொம்பளப் புள்ளைங்க போவ முடியல, அதான் வேணான்னேன். நீ குடிக்கிறதுன்னாதான் நான் அயணும். குடிக்காதவன் வூட்ல பாரு வெச்சா இன்னா, பஜன மடம் வெச்சா இன்னா" என்றார் ராஜாத்தி. ஆனால் சட்டம் போட்டார். பாட்டில் மாடிக்கு வரலாம், ராத்தங்கக் கூடாது. வாந்தி எடுத்தவனே கழுவ வேண்டும். ஒன்பது மணிக்கு மாடி விளக்கு அணைந்துவிட வேண்டும்.

அதற்குப் பிறகு லோகநாதனைக் கையில் பிடிக்க முடியவில்லை. உடைசலுக்குப் போன ஒரு பழைய கன்டெய்னரின் தரைப்பலகையை யார்டில் சொல்லிவைத்து வாங்கினார். உலகமெல்லாம் சுற்றி வந்த, ஒரு யானை நின்றாலும் வளையாத பலகை. ஞானம் இரும்புக் கால் வைத்து வெல்டிங் அடித்துத் தர, அது கவுன்டர் ஆயிற்று. கால் வைத்துக்கொள்ள ஒரு தண்ணீர்க் குழாயைக் குறுக்கே பொருத்தினார்கள். மூடிப்போன ஜூஸ் கடையிலிருந்து உயரமான ஸ்டூல்கள் வந்தன. பெட்டிக்கடைக்காரர் ஒருவர் தள்ளிவிட்ட கண்ணாடிக்கதவு ஃபிரிட்ஜும் வந்தது. புதுப்பொருள் வீட்டுக்குள் வருகிறதே என்று ராஜாத்தி கைப்பழக்கத்தில் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் எதற்கு வைத்தோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கீழே போனார்.

சாமான் வாங்க பாரிமுனைக்குப் போன லோகநாதனிடம், பார் என்றதும் கடைக்காரர் பரண்மேல் இருந்ததையெல்லாம் இறக்கிவிட்டார். ஐஸ் வாளி, இடுக்கி, ஓப்பனர், மூடி போட்டுக் குலுக்குகிற குப்பி, கம்பிச்சுருள் வைத்த ஒரு வடிகட்டி. குப்பியில் இப்போது ராஜாத்தி மோர் அடிக்கிறார். வடிகட்டியும் சமையலறைக்கே போய்விட்டது, டீக்கு நன்றாக இருக்கிறதாம். பாட்டில் தங்கக் கூடாது என்பதால் அலமாரி காலியாக இருந்தது. காலியாக இருந்தால் அது என்ன பார்? நன்னாரி சர்பத், ரோஸ் மில்க் எசென்ஸ், பன்னீர் சோடா, ஒரு வினிகர் பாட்டில் என்று நிறம் பார்த்து அடுக்கினார். நண்பர்களுக்கென்று நல்ல கனமான கண்ணாடி கிளாஸ் வாங்கினார். கவுன்டருக்கு மேலே பளிச்சென்று ஒரு ட்யூப்லைட்டும் போட்டார். "அந்தக் கலீஜ் பார்ல இருட்டுல குந்திகினு பேப்பர் கப்புல குட்ச்சாங்க, பாவம். நம்ம வூட்டுல ராஜா மாதிரி குடிக்கட்டும்" என்றார்.

திறப்பு விழா அன்று சுப்புராயன் தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ் கொண்டுவந்தார். திறந்ததும் மாடி முழுக்கக் கானாங்கெளுத்தி வாசம். ராஜாத்தி அதை அப்படியே வடிகாலில் கொட்டினார். அவரவர் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார்கள். சுப்புராயனின் கால் குழாய்க்கு எட்டாமல் தொங்கியது. கீழேயிருந்து சங்கரா மீன் வறுவல் வந்தது. கடல் காற்றும் வந்தது. லோகநாதனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாட்டிலைத் திறந்தார், மூன்று கிளாஸிலும் ஒரே ஓட்டமாக ஊற்றினார், தண்ணீர் விட்டு விளிம்புக்கு விளிம்பு சரியாக நிறுத்தினார், பெருமையாகப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

ட்யூப்லைட் வெளிச்சத்தில், துடைத்துப் பளபளத்த மூன்று கிளாஸும் வரிசையாக நின்றன. இரண்டு கிளாஸில் சரக்கு கருங்காலி நிறம். மூன்றாவதில் வெறும் டீத்தண்ணி நிறம்.

சுப்புராயன் தன் கிளாஸை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். பக்கத்துக் கிளாஸையும் தூக்கினார்.

"இன்னா மாமு இது? எனுக்கு மட்டும் கயுவுன தண்ணி மாரி கீது?"

லோகநாதனுக்குப் பொய் வராது. தோள் துண்டைக் கையில் எடுத்துப் பிசைந்தார். "நீ வண்டில போவணுமேடா..." என்றார்.

"எத்தினி நாளா இப்டி?"

"நீ எக்ஸ்பிரஸ் ரோட்ல டிரெய்லருக்கு முன்னால வுயுந்து கைமுட்டி தேச்சுகினு வந்தியே, அத்தொட்டு."

அது நடந்து வருஷங்கள் ஆகின்றன. விழுந்த கதையைச் சுப்புராயன் அடுத்த வாரமே சிரிக்கச் சிரிக்கச் சொல்லி முடித்துவிட்டார். லோகநாதன் மட்டும் அன்று சிரிக்கவில்லை. இருட்டிலும் பேப்பர் கப்பிலும் நிறம் தெரியாது என்கிற தைரியத்தில், வாராவாரம் அவருக்குக் கால்பங்கு ஊற்றி முக்கால்பங்கு தண்ணீர் விட்டுவந்தார்.

ஞானத்துக்குத்தான் முதலில் கணக்குப் புரிந்தது. "அப்போ அவன் மிச்சம்லாம் எங்களுக்காடா ஊத்துன? அதான் ரெண்டு ரவுண்டுல நாங்க மட்டையா?" என்றார். டில்லிபாபு கவுன்டரில் அடித்து அடித்துச் சிரித்தார். "கடல்ல நின்ன காலாம்! தண்ணில நின்ன காலுடா அது, வெறும் தண்ணில!"

சுப்புராயன் முகம் கருத்துவிட்டது. ஏமாந்ததைவிட, அந்தச் சிரிப்புதான் அவரைச் சுட்டது. இத்தனை வருஷத்துப் பெருமை ஒரே ட்யூப்லைட்டில் போய்விட்டது. "ஒன்ன நம்பித்தானேடா பாட்டில ஒங்கைல குட்த்தோம்" என்று லோகநாதனிடம் சொல்லிவிட்டு, ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கிப் போனார். கிளாஸ் அப்படியே இருந்தது. பைக் சத்தம் சந்து முனையில் திரும்புகிறவரை லோகநாதன் கைப்பிடிச் சுவரருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் கிரேன் கூண்டிலும் அவருக்கு மனசு நிலைகொள்ளவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. செய்தது தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் அவனைக் கேட்காமல் செய்தது தப்புதானோ என்று தோன்றியது. "இன்னொரு தபா ஊத்துனா அவன் எப்டி நம்புவான்?" என்று புலம்பினார். ராஜாத்திக்கு வேறு ஆதங்கம். "எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தினு இருந்தா யாருக்கு இன்னா தெரியப்போவுது? கண்ணாடி கிளாஸு, ட்யூப்லைட்டுனு உனுக்கு எதுக்குயா இந்த ஷோக்கு?" என்றார். சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னொரு மீன் வைத்தார்.

அடுத்த ஞாயிறு டில்லிபாபுவும் ஞானமும் கொஞ்சம் அடங்கியே வந்து உட்கார்ந்தார்கள். லோகநாதன் மூன்று கிளாஸைத் துடைத்து வைத்திருந்தார். ஆறு மணி தாண்டியது. பைக் சத்தம் வரவில்லை. "அவன் வரமாட்டான், நீ ஊத்து லோகு" என்றார் ஞானம். லோகநாதன் பாட்டிலைத் தொடவே இல்லை.

சந்து முனையில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. யாரோ சில்லறைக்காக டிரைவரோடு உரக்கச் சண்டை போட்டார்கள். குரல் இரண்டு ஆளுக்குச் சமம். லோகநாதன் கைப்பிடிச் சுவருக்கு ஓடினார்.

சுப்புராயன் படியேறி வந்து, யாரையும் பார்க்காமல் ஸ்டூலில் தாவி உட்கார்ந்தார். "வண்டிய வூட்ல வுட்டு வந்துட்டேன். இன்னிக்கி இவனுங்களுக்கு ஊத்துறத எனுக்கும் ஊத்து. காலு ஆடுதா இல்லியானு மெய்யாலுமே பாத்துடலாம்" என்றார். டில்லிபாபு விசிலடித்தார். "ஆடுச்சுன்னா ஆட்டோல நான் தூக்கிப் போட்றேன்டா" என்றார் ஞானம். மாடிப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற ராஜாத்தி, சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

லோகநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். ஒரு சொட்டு கூடாமல், ஒரு சொட்டு குறையாமல் தண்ணீர் விட்டார். மூன்று கிளாஸையும் ட்யூப்லைட்டுக்குச் சரியாகக் கீழே, நிறம் நன்றாகத் தெரியும்படி வரிசையாக வைத்து, "பாத்துக்கோடா" என்று ஒதுங்கி நின்றார். அன்று காலை வலையில் விழுந்த திருக்கையைப் பற்றி டில்லிபாபுவிடம் ஆரம்பித்திருந்த சுப்புராயன் திரும்பவில்லை. மீன் எத்தனை அகலம் என்று ஒரு கையை விரித்துக் காட்டிக்கொண்டே, இன்னொரு கையைப் பின்னால் நீட்டி, அகப்பட்ட கிளாஸை எடுத்துக்கொண்டார்.