சாப்பிடாத இரண்டு பெண்கள்

அடுத்தவரைச் சாப்பிடச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் எனக்கு, டயட்டீஷியன் என்பார்கள். எடை மெஷினோடு தினமும் மல்லுக்கட்டும் என் இனத்துப் பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். வாரம் முழுக்கத் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சனிக்கிழமை மட்டும் பெரியதாழையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இலவச கிளினிக்.

ஏ.சி. அறையில்

கப்பல் ஏஜென்ட் ஒருவரின் மகள், கல்லூரியில் படிக்கிறவள். இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் பரப்புவாள், வாய்க்குப் போகாது. எலும்பும் தோலுமாக இருந்துகொண்டு குண்டாகிவிட்டேன் என்று அழுவாள். ஒரு மணி நேரம் பேசினேன். இது மனசு சம்பந்தப்பட்ட நோய் என்று எழுதி மனநல டாக்டரிடம் அனுப்பினேன். அவள் அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஃப்ரிட்ஜ் நெறைய இருக்கு மேடம், பின்ன ஏன் இவ சாப்பிட மாட்டேங்கா?"

சனிக்கிழமை

அதே வயதில் பிரின்சி. அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். அதே ஒட்டிய கன்னம், அதே சில்லிட்ட விரல்கள். இவளிடம் ஐந்து நிமிடம்தான் பேசினேன். வீட்டில் கஷ்டம் என்று நானே முடிவுகட்டி, சத்துமாவும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தேன். வாராவாரம் எடை ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எடை குறித்துவைத்த அவள் அட்டையைக் கிளினிக் சிஸ்டரிடம் நீட்டிப் பெருமையடித்தேன். சிஸ்டர் அட்டையைப் பார்க்கவில்லை, பிரின்சியைத்தான் பார்த்தார்.

"எடை ஏறுது, சரி. பிள்ளை முகத்துல ஒண்ணையும் காணுமே?"

ஈயக்குண்டு

அடுத்த சனிக்கிழமை மெஷினை விட்டு இறங்கும்போதே பிரின்சி மயங்கி விழுந்தாள். கட்டிலில் கிடத்தினோம். சுடிதாருக்குள் இடுப்பில் ஒரு துணிப்பை கட்டியிருந்தாள். அவிழ்த்தால் உள்ளே ஈயக்குண்டுகள். வலை தண்ணீரில் தாழ்வதற்காக அடியில் கோர்ப்பார்களே, அவைதான். அப்பாவின் கிழிந்த வலையிலிருந்து அறுத்து, வாரத்துக்கு இரண்டாகச் சேர்த்திருக்கிறாள். நான் பெருமையடித்த அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

கண் விழித்தவளிடம், புத்தி வராமல், வீட்டில் சாப்பாட்டுக்குச் சிரமமா என்றுதான் அப்போதும் கேட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சோத்துக்கு என்ன கொறை மேடம்? எனக்குச் சோத்தப் பாத்தாலே பயமா இருக்கு. சத்துமாவு தந்தீங்க, தம்பி குடிச்சான். ஏன் திங்கலன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலியே."

அன்றைக்கே நானும் சிஸ்டரும் அவளைத் தூத்துக்குடிக்கு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாடி வீட்டுப் பெண்ணுக்கு நோயென்றும் ஓட்டு வீட்டுப் பெண்ணுக்குப் பசியென்றும் முகவரி பார்த்து மருந்தெழுதிய இந்த மேதாவிக்கு வைத்தியம் பார்க்கத்தான் அங்கே தனிப் பிரிவு இல்லை.