ஸ்டெல்லா அக்கா நம்பாத பணம்

சென்ற திங்கட்கிழமை காலை. கடையின் ஷட்டரை முழுதாக ஏற்றக்கூட இல்லை. ஸ்டெல்லா அக்காவின் தம்பி மகள் ஜெனிஃபர் போனில் அழைத்தாள். "மலர் அக்கா, அத்தை எந்திரிக்கல. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு." அவள் அழவில்லை. நான்தான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தூக்கத்தில் மாரடைப்பு என்றார்கள். ஸ்டெல்லா மேரி அக்காவுக்கு ஐம்பது வயது கூட நிறையவில்லை.

கறம்பக்குடியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு அவருடையது. அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அக்கா யாரையும் எளிதில் நம்ப மாட்டார். ஒரு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை இன்னொரு மருந்துக்கடையில் காட்டி, "இது அதுதானாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் விழுங்குவார். முதலாளி சம்பள உயர்வு அறிவித்தபோது நாங்கள் கைதட்டினோம். அவர் என் காதருகே குனிந்து, "யாரையோ நிப்பாட்டப் போறாரு மலரு" என்றார். அடுத்த மாதமே இரண்டு பேரை நிறுத்தினார்கள். அவருக்குத் திருமணம் நிச்சயமாகி, சர்ச்சில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்த பிறகுதான், மாப்பிள்ளைக்கு வெளியூரில் ஒரு குடும்பம் இருப்பது தெரியவந்ததாம். அதன்பின் அவர் திருமணப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் ஒரே பைக் விபத்தில் இறந்தார்கள். ஜெனிஃபர், ரோஸி என்று இரண்டு பெண்பிள்ளைகள். அடக்கம் முடிந்த அன்றே உறவுகளுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. பிள்ளைகளின் தாய்மாமன் தன் வீட்டில் இடமில்லை என்றார். திருவரங்குளத்துப் பெரியப்பா வீடு கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நார்த்தாமலையில் இருந்த சித்தி, பிள்ளைகளின் அம்மாவுடைய தங்கை லூர்து, பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை வளர்க்க அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது, எழுதிப் போடுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பினார்கள். அக்கா அசையவில்லை.

"காசக் குடுத்துட்டு, புள்ளைகளுக்கு நாங்கதான் பொறுப்புன்னு கூட்டிக்கிட்டுப் போயிட்டா? அப்ப நான் எங்கிட்டுப் போயி முட்டிக்கிறது?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒனக்கு ஏன் இதுல இவ்வளவு அக்கறை?" என்றும் கேட்டார். சில நாள் மதியச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

கடைசியில் அவர் மனதை மாற்றியவன் ஒரு புரோக்கர். ஆதார் அட்டையும் பேங்க் புத்தகமும் கொடுத்தால் போதும், எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாக வீட்டு வாசலில் வந்து நின்றான். அக்கா அவனை விரட்டிவிட்டு மறுநாள் என்னிடம் சொன்னார்: "இவன் இவ்வளவு ஆசையா வர்றான்னா நெசமாவே அங்க ஏதோ இருக்கு. வா, நம்மளே நேராப் போவோம்."

புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசில் அந்தப் பிரிவைப் பார்ப்பவர் ஒரு இளம்பெண். அக்கா ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் படித்தார்.

"இதுல எங்கயாச்சும் புள்ளைகள ஒப்படைக்கிறேன்னு எழுதியிருக்காம்மா?"

"இல்லங்க. புள்ளைங்க உங்ககிட்டயே வளரணும்னுதான் இந்தப் பணமே."

"அப்ப எதுக்கு வீட்டுக்கு வந்து பாக்கணும்ங்கறீங்க?"

"நீங்க யாரு, எப்படின்னு எங்களுக்குத் தெரியாதில்லங்களா?"

திரும்பும் பஸ்ஸில் அக்கா, "அந்தப் பொண்ணு என்னைய நம்பல மலரு. நல்ல பொண்ணுதான்" என்றார்.

பணம் வரத் தொடங்கியது. அக்கா அதைத் தொடவே இல்லை. அடுத்த முறை வீடு பார்க்க வந்த அந்த இளம் அதிகாரியின் முகம் பேங்க் புத்தகத்தைப் பார்த்ததும் மாறியது. பிள்ளைகளுக்கு ஏன் செலவழிக்கவில்லை என்று கேட்டார். ஜெனிஃபரையும் ரோஸியையும் உள்ளே கூட்டிப்போய்த் தனியாக விசாரித்தார். அக்கா வெளியே தெருவில் நின்றார். சேலை முந்தானையைக் கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிள்ளைகளை அப்படியே வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்றே நினைத்திருந்தாராம்.

அதிகாரி வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "நாளைக்கு நீங்க திருப்பிக் கேட்டா நான் குடுக்கணும்ல? அதான் வச்சிருக்கேன்."

"கேக்க மாட்டோம்மா."

"எழுதிக் குடுப்பீங்களா?"

அதிகாரி சிரித்துவிட்டார். எழுதியும் கொடுத்தார். அந்த வாரமே அந்தப் பணத்தில் ரோஸிக்குக் கண் பரிசோதனை நடந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த ரோஸி, "அத்தை, ஒங்க மூக்குல மச்சம் இருக்கு!" என்றாளாம். கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அக்கா.

லூர்து மட்டும் கைக்குழந்தையோடு அவ்வப்போது பிள்ளைகளைப் பார்க்க வருவாள். அதுவும் அக்காவுக்கு உறுத்தியது. "பணம் வருதுன்னு தெரிஞ்சுதான் வர்றா. நோட்டம் பாக்குறா."

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பினோம். நாற்காலிகளைக்கூட எடுக்கவில்லை, தாய்மாமன் பிள்ளைகளிடம் வந்தார். "ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்துருங்கத்தா." உடனே பெரியப்பா, "எங்க வம்சத்துப் புள்ளைக. நான்தான் வச்சுக்கணும்" என்றார். நான்கு வருடமாக இந்தப் பாசமெல்லாம் எங்கே இருந்ததோ என்று எனக்குள் ஓடியது.

ஜெனிஃபருக்கு இப்போது பதினேழு வயது. எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "அத்தை போயிட்டதால அந்த அரசாங்கப் பணம் இனிமே வராது மாமா" என்றாள்.

அப்படி யாரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

மாமா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பெரியப்பா, "அப்ப நல்ல ஹாஸ்டலாப் பாப்போம்" என்றார்.

அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த லூர்து ஈரக்கையோடு வந்தாள். "வராட்டிப் போகுது. ஹாஸ்டலெல்லாம் வேணாம். ஜெனி பரீட்சை முடியுற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன். அப்பறம் எல்லாருமா நார்த்தாமலைக்குப் போவோம்." ரோஸி எழுந்து போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மாலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். லூர்து மெழுகுவர்த்தியை ஏற்றி, காற்றில் அணையாமல் இரு கைகளாலும் மறைத்துப் பிடித்தாள். பிள்ளைகள் ஜெபம் சொன்னார்கள். ஜெனிஃபர் மட்டும் கண்களை மூடாமல் சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா, லூர்துவை நாங்களும் கொஞ்ச நாள் கவனித்துக்கொண்டுதான் இருப்போம். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.