முடிச்சு இல்லாத கடுக்காய் மரம்

“நீ படிச்சவ, சரி. மரம் படிக்கலியே. எவன் ஏறினாலும் அது கீழ தள்ளாதுடி.”

அத்தை இதைச் சொன்னபோது என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் உமி என் பக்கமே பறந்து வந்தது. காற்று அப்படி அடித்ததா, அவள் அப்படி உட்கார்ந்திருந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அது ஆவணி மாதம். ஓடைக்கரைக் கடுக்காய் மரத்துக்கு இந்த வருஷம் முடிச்சுப் போட வேண்டாம் என்று கேட்கத்தான் நான் போயிருந்தேன்.

கல்வராயன் மலையில் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள காட்டில் கடுக்காய் மரம் யாருக்கும் சொந்தமில்லை. பச்சைப் புல்லை முறுக்கி அடிமரத்தில் முதலில் கட்டுகிறவருக்கு அந்த வருஷத்துக் காய். அதைத்தான் முடிச்சு என்போம். கட்டிய மரத்தை வேறொருவர் தொடமாட்டார். ஆனால் புல் அழுகித் தானாக விழுந்துவிட்டால் அந்த மரம் பொது. மறுபடி கட்டுவது வழக்கமில்லை. முன்பெல்லாம் மழை ஓய்ந்த பிறகு கட்டினார்கள். முடிச்சு தை வரை தாங்கியது, காயும் பழுத்தது. பிறகு ஒருவரை முந்த ஒருவர் புரட்டாசியில் கட்டினார்கள், அடுத்து ஆவணியில். ஐப்பசி மழையில் புல் அழுகும். அது விழுவதற்கு முன்னால் பறித்துவிட வேண்டும் என்று பச்சைக் காயைக் கிளையோடு அடித்து உதிர்ப்பார்கள். பச்சைக் காய் உலர்ந்தால் சுருங்கிக் கறுத்துப்போகும். வியாபாரி உதட்டைப் பிதுக்குவார். ஒடிந்த கிளையில் அடுத்த வருஷம் பூ இராது. இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஓட்டத்தை யாராலும் நிறுத்த முடியவில்லை. நான் நின்றால் பக்கத்து வீட்டுக்காரன் நிற்பானா?

அந்த ஓட்டத்தில் அத்தையை ஜெயித்தவர் கிடையாது. அத்தை என்றால் என் அப்பாவுக்கு மூத்த அக்கா. மிளகு பறிக்க வெளியூர் போன மாமா மரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு அவளுக்கு நிலமும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஓடைக்கரை மரம்தான் இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது ஒரு விடியலில் அவள் என்னை இழுத்துக்கொண்டு அங்கே ஓடியது நினைவிருக்கிறது. பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டதும், வழியில் பிடுங்கிய புல்லைப் பல்லில் கவ்விக்கொண்டு, புடவையை வரிந்து கட்டி ஓடையைத் தாண்டினாள். கட்டி முடித்ததும் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்று, வந்தவனைப் பார்த்து, “இன்னா மாமா, காலைல காத்து வாங்க வந்தியா?” என்றாள். அவன் சிரித்தபடி திரும்பிப் போனான். அத்தை சிரிக்கவில்லை. அவன் போன பிறகும் மூன்று முறை திரும்பி வந்து முடிச்சை இழுத்துப் பார்த்தாள். ஜெயித்தவளுக்கு ஏன் இந்தப் பயம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டில் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். மலைமேல் விடுதியில் தங்கிப் பள்ளிப்படிப்பு, பிறகு கள்ளக்குறிச்சியில் கல்லூரி. கீழே வேலை தேடாமல் திரும்பி வந்து மகளிர் குழுவின் உலர்களத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கப்போவதில்லை. இந்த வருஷம் யாரும் முடிச்சுப் போட வேண்டாம், காய் மஞ்சள் ஓடிய பிறகு எல்லோரும் ஒன்றாகப் பறிப்போம், ஒரே களத்தில் உலர்த்தி வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரிப்போம் என்று குழுவில் சொன்னது நான்தான். மரம் ஏற முடியாதவர்களுக்கும் பங்கு உண்டு என்றதும் பெண்கள் ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். அத்தைதான் கடைசி. ஒத்துக்கொண்டபோதும் அது சம்மதம் மாதிரி இல்லை.

“சரிடி. காய் போச்சின்னா உன் வூட்டு வாசல்லதான் வந்து ஒக்காருவேன். கஞ்சி நீதான் ஊத்தணும். உப்பு கம்மியா இருந்தா கத்துவேன்.”

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து என் தூக்கம் போனது. ஐப்பசியில் மழை அடிக்கும்போதெல்லாம், முடிச்சு இல்லாத மரங்கள் காவலற்ற வீடுகள் மாதிரி எனக்குத் தோன்றின. குரங்கு கிளையை உலுக்கினாலும் எழுந்து உட்கார்ந்தேன். தண்ணீருக்குப் போகிறவர்களின் குடத்தைவிட அவர்கள் இடுப்பில் கத்தி இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். கார்த்திகை தாண்டியும் ஒரு காயும் குறையவில்லை. அதற்கு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, பயம் கூடியது. கிளைகள் கனக்கக் கனக்க, பறிபோகக்கூடியதும் அதிகமாகிக்கொண்டே வந்தது.

மார்கழித் தொடக்கத்தில் சங்கராபுரத்து வியாபாரியின் வேன் வந்தது. எப்போதும் வருகிறவர்தான், எல்லோரையும் முறை வைத்துக் கூப்பிடுவார். டீக்கடை முன்னால் நின்றுகொண்டு, “பச்சையா இருந்தாலும் எடுத்துக்கறேன். அப்புறம் உங்க இஷ்டம்” என்றார். பிறகு, பேச்சுவாக்கில் சொல்வதுபோல, “மேலூர்க்காரங்க ரெடியா இருக்கறாங்க. இங்கதான் முடிச்சே இல்லியாமே?” என்றார். ஓடைக்கு அந்தப் பக்கம் மேடேறினால் மேலூர்; அவர்களுக்கு நாங்கள் கீழூர். முடிச்சு வேண்டாம் என்ற எங்கள் பேச்சில் அவர்கள் சேரவில்லை. அன்று சாயங்காலம் களத்துக்கு வந்த பெண்கள் யாரும் உட்கார்ந்து பேசவில்லை, வந்த கையோடு போய்விட்டார்கள்.

மறுநாள் காலை ஓடைப் பக்கம் கோலால் கிளையை அடிக்கும் சத்தம் கேட்டது. ஓடினேன். ஓடும்போது மனதுக்குள் மேலூர்க்காரர் ஒவ்வொருவராக வந்துபோனார்கள். மரத்தடியில் அத்தை இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றிருந்தாள். மேலே கிளையில் உட்கார்ந்திருந்தது என் அப்பா.

“ஏன்டா, உம்பொண்ணு ஊருக்கெல்லாம் சட்டம் சொல்றாளே, உன் காதுல மட்டும் பஞ்சு வச்சிக்கினு இருந்தியா?” என்றாள் அத்தை.

“மேலூரான் வந்து அடிச்சிக்கினு போறதுக்கு நம்ம ஆளே அடிக்கட்டும்னுதான்க்கா. உனக்கும் பாதி தர்றேன்” என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்துவிட்டார். கோலைப் பிடித்தபடி, இறங்கவும் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

கீழே அரைச் சாக்குக்குப் பச்சைக் காய் கிடந்தது. அத்தை ஒரு குரல் கொடுத்தால் போதும். மதியத்துக்குள் ஊரே மரங்களின் மேல் இருக்கும். அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆவணியில் சொன்னதை அவள் திரும்பச் சொல்வாள் என்று காத்து நின்றேன். அவள் சாக்கின் வாயை முறுக்கிக் கட்டி என் பக்கம் தள்ளினாள்.

“நான் சொன்னா அது அக்கா தம்பி சண்ட. நீ சொல்லு, இன்னா சொல்றியோ.”

மூடி மறைத்திருக்கலாம். இரண்டே பேர்தான் பார்த்திருந்தோம். ஆனால் மறைத்தது ஒருநாள் தெரிந்தால், அதற்குப் பின் இந்த ஊரில் என் வாயிலிருந்து வருகிற எந்தச் சொல்லையும் யாரும் நம்பமாட்டார்கள். சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு களத்துக்கு வந்தேன். எல்லோரும் பார்க்க நடுவில் கொட்டினேன். “இது எங்கப்பா பறிச்சது. இந்த வருஷம் எங்க வூட்டுக்குப் பங்கு கிடையாது” என்றேன். அம்மா கூட்டத்தில் நின்றிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். யாரும் என்னைப் பாராட்டவில்லை. ஒரு பெண், “அப்பனையே காட்டிக் குடுக்கறா பாரு” என்றாள், என் காதில் விழும்படியே. ஆனால் அன்றைக்கு வேறு யாரும் கோலை எடுக்கவில்லை.

அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. அப்பா திருடர் இல்லை. பயந்தார். அவருடைய பயத்துக்கு மேலூர் என்று பெயர். அதை விட்டுவிட்டு எங்கள் ஊரை மட்டும் கட்டிக் காத்து என்ன பயன்? அத்தையைக் கூப்பிட்டேன். “அங்க போனா நாய விட்டு ஏவுவாளுங்க” என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே, எனக்கு முன்னால் மேடேறினாள்.

மேலூரில் முதல் வீட்டுப் பெண் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். வா என்று சொல்லவில்லை. “இன்னா, மரத்த எண்ணிக்கினு போக வந்தீங்களா? கீழூர்க்காரங்க எங்க காய அடிக்க வரப்போறீங்கன்னு வேன்காரரு சொன்னாரு. ஊரே பறிக்கலாம்னு இருக்குது” என்றாள்.

அத்தையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வியாபாரி வேண்டுமென்றே சொன்னாரா, அங்கே கேட்டதை இங்கேயும் இங்கே கேட்டதை அங்கேயும் இறக்கி வைத்தாரா, தெரியாது. அத்தைதான் முதலில் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தப் பெண் மிரண்டுபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர்களிடம் நான் கேட்டது ஒன்றுதான். எங்களை நம்ப வேண்டாம். எங்கள் மரத்தடியில் உங்கள் ஊர்ப் பெண்கள் வந்து உட்காரட்டும்; உங்கள் மரத்தடியில் நாங்கள் உட்காருகிறோம். காய் மஞ்சளாகும் வரைக்கும். நெடுநேரம் பேசினார்கள். ஒரு கிழவர், “நண்டுக்கு நரி காவலா?” என்று கேட்டார். “நீங்க நரியா நண்டாய்யா?” என்றாள் அத்தை. அதற்குப் பிறகுதான் பேச்சு இறங்கி வந்தது.

இப்போது நான் மேலூர்க் காட்டில், அவர்களுடைய பெரிய மரத்தின் வேரில் உட்கார்ந்திருக்கிறேன். என்னோடு அம்மாவும் வந்திருக்கிறாள். அன்றைக்குப் பின் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் நான் கேட்காமலே கிளம்பி வந்தாள். கீழே ஓடைக்கரை மரத்தடியில் மேலூர்ப் பெண்கள் இருவர் இருக்கிறார்கள். தலைக்கு மேல் காய்கள் இன்னும் பச்சை. காற்று வீசும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேன்.