வெர்லீன் வாங்கிய துப்பாக்கி

வெர்லீன் ஸ்ட்ரவுட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. எங்கள் ஒக்லஹோமா பக்கத்து மண்பாதைகளில் தனியாகக் கார் ஓட்டிப்போய், வீடு வீடாக நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். போன மாதம் ஒருவன் வண்டியை மறித்து மருந்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனான். அதனால் கணவர் லீலண்டோடு துப்பாக்கிக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் இருப்பதிலேயே சின்னதை நீட்டினார். "பொம்பளைங்க எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க மேடம். பாக்கெட்ல வச்சா தெரியவே தெரியாது."

சின்னத் துப்பாக்கியில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். குண்டு ஏற துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். வெர்லீனின் மூட்டுவலி விரல்களுக்கு அது அசையவில்லை.

"தினம் காலைல நான் இழுத்துக் குடுத்துடறேன்," என்றார் லீலண்ட்.

"நடுவுல மக்கர் பண்ணுச்சுன்னா? கொஞ்சம் நில்லுப்பா, எங்க வீட்டுக்காரர் வரட்டும்னு திருடன்கிட்ட சொல்லவா?"

பெரிதாக ஒன்றைக் கேட்டு வாங்கி இழுத்தார். சுலபமாக வந்தது.

"இது துணிக்குள்ள மறையாதே மேடம்."

"துணிய மாத்திக்கறேன். விரல மாத்த முடியாது."

அன்றே ஒரு சைஸ் பெரிய பேண்ட் நான்கு வாங்கி, துப்பாக்கியை உறையோடு இடுப்புக்குள் செருகிக்கொண்டார். மறுநாள் அவர் பார்த்த முதல் நோயாளி பேண்ட்டின் தொளதொளத்த கால்களைப் பார்த்து, "இளைச்சுட்டியே வெர்லீன்," என்றார். வெர்லீன் நன்றி சொல்லிவிட்டு அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்.